பெலிண்டா அக்கா இடம் சொல்ல மாட்டார்

பெலிண்டா அக்கா எந்தப் பொருளையும் எங்கே வாங்கினார் என்று யாரிடமும் உண்மையைச் சொன்னதில்லை. கட்டியிருக்கும் புடவையைப் பார்த்து "எங்கக்கா எடுத்தீங்க?" என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் சின்னக்கடை வீதி என்பார். நம்பிப் போனால் அங்கே அந்தப் புடவை இருக்காது. தில்லைநகரில் ஏதோ ஒரு கடை வாசலில் பொம்மைக்கே கட்டி நிறுத்தியிருப்பார்கள். என் மனைவி ஒரு தடவை நல்ல மாவடு எங்கே கிடைக்கும் என்று அவரிடம் கேட்டுத் தொலைத்துவிட்டாள். உறையூர் என்றார். பங்குனி வெயிலில் உறையூர் முழுக்கச் சுற்றிவிட்டு வெறும் பையோடு வந்தாள். அந்த மாவடு ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் ரோட்டில், எங்கள் வீட்டுக்கு நாலு கடை தள்ளிக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து என் வீட்டில் பெலிண்டா அக்காவின் பெயரை எடுத்தால் தோசை கருகுகிறது.

நான் தமிழ்மணி. தென்னூரில் ஒரு ஆராய்ச்சி மையத்தில் கணக்குப் பார்க்கிறேன். அக்காவும் அங்கேதான் வேலை பார்க்கிறார். எனக்கு எதிர் மேஜை. ஆகவே மற்றவர்களைவிட அதிகமாக ஏமாந்தவன் நான்தான், அவரைப் பற்றி எழுதும் உரிமையும் எனக்குத்தான் இருக்கிறது.

அக்கா பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில். கல்யாணமாகிப் பாலக்கரைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேச்சு முழுக்கத் திருச்சிப் பேச்சாகிவிட்டது, பழக்கம் மட்டும் மாறவில்லை. அவருடைய ஊரில் ஒருவன் படகு நிறைய மீனோடு கரைக்கு வந்தால் "எங்கே பட்டது?" என்று கேட்பார்களாம். தெற்கே பிடித்தவன் வடக்கே கையைக் காட்டுவான். கேட்டவனுக்கும் அது பொய் என்று தெரியும். தெரிந்தும் "நல்லது" என்று தலையை ஆட்டிவிட்டுப் போவான், ஏனென்றால் நாளைக்கு அவனைக் கேட்டால் அவனும் இதையேதான் செய்யப் போகிறான். இதில் யாருக்கும் மனவருத்தம் கிடையாது. ஒருவன் உண்மையான இடத்தைச் சொல்லிவிட்டால்தான், இவனுக்கு உடம்புக்கு என்னமோ வந்துவிட்டது என்று வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையரானவர். மீன் குழம்பை ரசித்துச் சாப்பிடுவார், மீன் எந்த மார்க்கெட்டில் வாங்கியது என்று மட்டும் கேட்க மாட்டார். நல்ல மனிதர்.

இப்படிப்பட்ட பெலிண்டா அக்காவைத்தான் எங்கள் மையம், மீனவர்களிடமிருந்து உண்மையான தகவல்களைத் திரட்டும் ஒருங்கிணைப்பாளராக நியமித்தது.

விஷயம் இதுதான். மன்னார் வளைகுடாவில் காற்று நன்றாக அடிக்கிறது. கடலுக்குள்ளேயே காற்றாலைக் கோபுரங்களை நட்டால் கரண்ட் எடுக்கலாம். ஆனால் அதே கடலில்தான் மீனவர்கள் தொழில் செய்கிறார்கள். ஒரு கோபுரம் நட்டால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே வலையோ தூண்டிலோ வரக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் கோபுரக்காரர்களும் மீனவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரே ஒரு சோதனைக் கோபுரத்தை நட்டுப் பார்ப்பது என்று ஒரு கூட்டு ஆராய்ச்சி. கோபுரக்காரர்கள் இருப்பது சென்னையில். மீனவர்கள் தூத்துக்குடிப் பக்கம். இவர்கள் தூத்துக்குடிக்குப் போக மாட்டோம் என்றார்கள், அவர்கள் சென்னைக்கு வர மாட்டோம் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர் திருச்சி. இப்படியாகக் கடலைப் பங்கு பிரிக்கிற வேலை, காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பார்க்கிற எங்களிடம் வந்து சேர்ந்தது.

மையத்தின் தலைவர் சுபலட்சுமி மேடம். எந்தக் கூட்டத்திலும் "நம்பிக்கை" என்ற வார்த்தையைச் சொல்லாமல் மைக்கைக் கீழே வைக்க மாட்டார். கோபுரக்காரர்கள் தரப்பில் எங்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர் ஸ்ரீவத்ஸ் என்கிற இளம் என்ஜினீயர். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். நெற்றியில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு, கையில் எப்போதும் லேப்டாப். மீனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார், அதையும் கூர்ந்து பார்த்ததில்லை. பையன் தங்கமானவர், யார் எதைச் சொன்னாலும் நம்புவார்.

முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அக்காவின் ஊர் மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஒரு வேன் நிறைய வந்து இறங்கி, பாலக்கரை மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, தென்னூரில் நாங்கள் பிடித்திருந்த ஹாலுக்கு வந்தார்கள். சுவர் முழுக்க ஒரு கடல் வரைபடத்தை ஒட்டி வைத்திருந்தோம். ஆளுக்குக் கொஞ்சம் சிவப்புப் பொட்டு ஸ்டிக்கரைக் கொடுத்து, நீங்கள் மீன்பிடிக்கும் இடத்தில் ஒட்டுங்கள் என்று மேடம் கேட்டுக்கொண்டார்.

ஒருவர்கூடத் தயங்கவில்லை. பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்தவர்கள் மாதிரி வரிசையாகப் போய் ஒட்டிவிட்டு வந்தார்கள். அக்காவின் தம்பி அமிர்தராஜ் நாலு பொட்டை ஒட்டினார். அவருக்குப் பின்னால் வந்த படகுக்காரர் முகம்மது கனி பாய், தாராளமாக ஆறு ஒட்டினார். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு வெளிப்படையான மக்களைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று மைக்கில் சொன்னார். மீனவர்கள் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் ஸ்ரீவத்ஸ் எல்லாப் பொட்டுகளையும் லேப்டாப்பில் ஏற்றினார். கரையோரம் ஒரே சிவப்பு. வடக்கேயும் சிவப்பு. தெற்கே ஓரிடத்தில் மட்டும், துடைத்துவிட்ட மாதிரி வெற்றாக ஒரு பெரிய கட்டம். ஆழம் சரியாக இருந்தது, காற்று பிரமாதமாக இருந்தது, ஒரு மனிதரும் அங்கே மீன் பிடிப்பதாகச் சொல்லவில்லை.

"மணி சார், பெருமாளாப் பார்த்து நமக்குன்னு ஒதுக்கி வெச்ச மாதிரி இருக்கு சார்!" என்று ஸ்ரீவத்ஸ் குதித்தார். அந்தக் கட்டத்தின் நடுவில் கோபுரத்துக்கு ஒரு புள்ளி வைத்தார்.

பெலிண்டா அக்கா காபியோடு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு காபியை என் கணக்கு நோட்டின் மேல் வைத்துவிட்டு, என் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்துக்கொண்டு சுவர் வரைபடத்துக்குப் போனார். அவர் ஊர்க் கரையில் குறித்திருந்த மாதா கோயிலுக்கும் பனங்காட்டுக்கும் சேர்த்து ஸ்கேலை வைத்துக் கடல் பக்கம் ஒரு கோடு பார்த்தார். கலங்கரை விளக்கத்தையும் உப்புக் கம்பெனிப் புகைபோக்கியையும் சேர்த்து இன்னொரு கோடு பார்த்தார். இரண்டு கோடும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று விரலை வைத்தார். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார்.

நான் ஒட்டுக் கேட்கிறவன் அல்ல. ஆனால் மாடிப்படிக்குப் பக்கத்தில்தான் தண்ணீர்க் கேன் இருக்கிறது, எனக்கும் தாகம் எடுக்கும்.

"அமிர்து, நாசமாப் போச்சுடா. நம்ம இடத்துலதான் அந்த என்ஜினீயர் தம்பி கோபுரத்தை வெச்சிருக்காரு... நான்தான்டா, நான்தான் சொன்னேன், நம்ம இடத்தைக் காட்டாத, வேற எங்கயாச்சும் ஒட்டிட்டு வான்னு நான்தான் சொன்னேன். யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு!"

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் படியிலேயே உட்கார்ந்து சொல்லிவிட்டார்.

கடலுக்கடியில் மீன் கூடுகிற ஒரு பாறைத் திட்டு. அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட திட்டைப் 'பார்' என்பார்கள். அக்காவின் தாத்தா கண்டுபிடித்தது. அவர்கள் வீட்டில் அதற்கு அப்பச்சி பார் என்று பெயர். தாத்தா அப்பாவுக்குக் காட்டினார், அப்பா அமிர்தராஜுக்குக் காட்டினார். வலையில் ஒன்றும் படாத மாதங்களில் அந்தக் குடும்பம் சாப்பிடுவது அங்கே தூண்டில் போட்டுத்தான். வேறு படகு கண்ணில் பட்டால் தூண்டிலை இறக்கவே கூடாது, எங்கேயோ போகிறவன் மாதிரிப் பேசாமல் கடந்து போய்விட வேண்டும். பெண்களுக்கு இடத்தைச் சொல்கிற வழக்கம் இல்லை. கடலிலிருந்து கரையில் எதையும் எதையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும் என்று அப்பா தம்பிக்கு அடையாளம் சொல்லிக்கொடுத்தபோது அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அக்கா, பாத்திரத்தை விளக்குவதை நிறுத்தாமலே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டார். இத்தனை வருஷம் தம்பிக்கே அது தெரியாது, இன்றைக்குத்தான் போனில் தெரிந்தது.

"அப்ப மேடம்கிட்ட சொல்லிடுங்க. அங்க மீன் பிடிக்கிறாங்கன்னு சொன்னா கோபுரத்தை நகத்திடுவாங்க" என்றேன்.

"மேடம் அதை எல்லாரும் பாக்கற மேப்புலதான வைப்பாங்க? மேப்புல ஒரு பொட்டு வெச்சா அன்னிக்கு சாயந்தரமே ஊருல இருக்கிற அத்தனை படகும் அங்க நிக்கும் மணி. சொல்லலேன்னா கோபுரம் கொண்டு போயிடும், சொன்னா ஊர் கொண்டு போயிடும். எந்தப் பக்கம் போனாலும் என் தம்பிக்கு இல்ல."

சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. பொய் சொல்லும்போது தெளிவாக இருக்கும் குரல் அது. எனக்கு மாவடுக் கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்துபோய்விட்டது.

அன்றைக்கே மேடத்திடம் போனார். தன் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை, பொதுவாகப் பேசினார். பேச்சுத் துணைக்கு நானும் போயிருந்தேன்.

"மேடம், ஞாயித்துக்கிழமை ஒட்டின பொட்டு எதுவும் சரியில்ல. எல்லாரும் வேற எங்கயோ ஒட்டியிருக்காங்க."

மேடத்துக்கு நெஞ்சில் கை போனது. "எல்லாருமே பொய் சொன்னாங்களா?"

"பொய்யின்னு சொல்லக்கூடாது மேடம். எங்க பிடிச்சேன்னு நாலு பேர் முன்னாடி கேக்கறது எங்க ஊருல மரியாதை இல்ல. நீங்க கேட்டுட்டீங்க. உங்க மனசு நோகக்கூடாதுன்னு ஏதோ ஒண்ணைச் சொன்னாங்க."

"கூட்டு ஆராய்ச்சின்னா நம்பிக்கை வேணாமா பெலிண்டா?"

"நம்பிக்கை நிறைய இருக்குங்க. பக்கத்துல இருக்கிறவன் சொல்றது நெசமில்லேன்னு ஒவ்வொருத்தரும் நம்புறாங்க."

முதல் கூட்டத்தில் விட்ட கண்ணீருக்காக மேடம் வருத்தப்பட்டிருக்க வேண்டும். கடைசியில், உண்மையை எப்படி வாங்குவது என்று நீங்களே சொல்லுங்கள் என்று அக்காவிடம் விட்டுவிட்டார்.

வழி கிடைத்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாலக்கரைக் கோயிலில். பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க, ஆட்கள் வரிசையில் நின்றார்களாம். மறைப்புக்கு அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் முழங்காலில் ஒருவர். உள்ளே சொன்னது வெளியே வராது. அக்கா அன்றைக்கு எந்தப் பிரசங்கத்தையும் கேட்கவில்லை, அந்த மறைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வந்ததும் வராததுமாக அறிவித்தார்.

"கூட்டமா வெச்சுக் கேட்டா வராது மேடம். ஒரு மறைப்பு கட்டி, ஒவ்வொருத்தரா உள்ள விட்டு, தனியாக் காட்டச் சொல்லணும். யாரு எங்க காட்டினாங்கன்னு கேக்கறவர் வெளிய சொல்லக்கூடாது."

"இது மத விஷயமாயிடாதா?" என்றார் மேடம்.

"ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன். பாவமில்லேன்னு சொல்லிட்டார்."

அவர் கேட்டாரா இல்லையா என்பது அவருக்கும் ஃபாதருக்கும்தான் தெரியும்.

மறைப்புக்குப் பின்னால் யார் உட்காருவது என்ற கேள்வி வந்தது. அக்கா ஸ்ரீவத்ஸைப் பார்த்தார். ஸ்ரீவத்ஸ் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"நானா?"

"நீங்கதான் தம்பி. உங்க ஊருல கடல் இல்ல, உங்க வீட்டுல மீன் இல்ல. இடம் தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? இவரு உக்காந்தா," என்று என்னைக் கை காட்டினார், "வஞ்சிரம் எங்க கிடைக்கும்னு மறுநாளே பஸ் ஏறிடுவாரு."

அது உண்மை.

"ஆத்துல கேட்டா என்ன சொல்றது? பாவமன்னிப்புக் கொடுக்கப் போறேன்னா அம்மா தீர்த்தத்தை எடுத்துண்டு வந்துடுவா" என்று தவித்த ஸ்ரீவத்ஸ், பிறகு தானே ஒரு முடிவுக்கு வந்தார். "சரி, ஆபீஸ் ஆடிட்டுன்னு சொல்லிடறேன்." அக்கா அவரை முதல் தடவையாக மதிப்போடு பார்த்தார்.

இரண்டாவது கூட்டத்துக்கு மறைப்பு வேண்டும் என்று டெக்கரேஷன் கடையில் நான்தான் சொல்லியிருந்தேன். அவர்கள் கல்யாண ரிசப்ஷனுக்குக் கட்டுகிற ஜிகினாத் துணியை அனுப்பிவிட்டார்கள். இரண்டு பக்கமும் இரண்டு மயில், நடுவில் பெரிய தாமரை. அந்தத் தாமரைக்குப் பின்னால் ஸ்ரீவத்ஸ் லேப்டாப்போடு உட்கார்ந்தார். லேப்டாப் திரையில் தெரியும் வரைபடத்தில் விரலை வைத்தால் இடம் பதிந்து உடனே மறைந்துவிடும், அடுத்து வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

வேனிலிருந்து இறங்கியவர்கள் மயில்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். அக்கா விளக்கினார். யாரும் முன்னால் வரவில்லை. முதலில் போகிறவனிடம் உண்மை ஏதோ இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே.

"நமக்கு இந்தப் பழக்கம் இல்லையேம்மா" என்று கனி பாய் தாடியைத் தடவினார்.

"ரேஷன் கடைக் கவுண்டருன்னு நெனச்சுக்கங்க பாய். கார்டை நீட்டுற மாதிரி விரலை நீட்டிட்டு வாங்க. போன தடவை ஒட்டின ஆறு பொட்டையும் மறந்துடுறோம்."

கனி பாய் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியாது. உள்ளே போனார். அதன் பிறகு வரிசை நகர ஆரம்பித்தது.

உள்ளே என்ன நடந்தது என்று பிறகு ஸ்ரீவத்ஸ் எனக்குப் பெயர் சொல்லாமல் கொஞ்சம் சொன்னார். ஒருவர் பழக்க தோஷத்தில் முழங்கால் போட்டு "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்றாராம். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இவர் "நமஸ்காரம், உக்காருங்கோ" என்றாராம். அவர் இடத்தைக் காட்டிவிட்டு, அதோடு விடாமல், போன மாதம் பக்கத்துப் படகுக்காரனின் நங்கூரக் கயிற்றை அறுத்ததையும் சொல்லி, அதற்கு என்ன பரிகாரம் என்று கேட்டிருக்கிறார். "இனிமே பண்ணாதீங்கோ, புதுக் கயிறு வாங்கிக் குடுத்துடுங்கோ" என்று உத்தர வீதித் தீர்ப்பு வழங்கப்பட்டது. அவர் திருப்தியாக எழுந்து போனார்.

அமிர்தராஜ் மட்டும் வரிசைக்கு வரவில்லை. டீ மேஜைக்குப் பக்கத்தில் நின்று, குடித்து முடித்த கப்பையே திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் நின்றார்.

"என்னால முடியாது யக்கா. அப்பா காட்டுன இடம். என் பொண்டாட்டிக்கே சொன்னதில்ல. யாரோ ஐயர் பையன்கிட்ட போய்..."

"ஐயர் இல்லடா, ஐயங்கார். அவங்க காதுல விழுந்தா அதுக்கு வேற சண்டை வரும்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "நீ காட்டலேன்னா கோபுரம் அங்கதான் நிக்கப் போகுது. சுத்தி வட்டம் போட்டுருவாங்க. அப்புறம் அது அப்பா காட்டின இடமும் இல்ல, உன் இடமும் இல்ல. காட்டுறியா, விடுறியா?"

அமிர்தராஜ் கப்பை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குள் போகிறவர் மாதிரி மயில்களுக்கு நடுவில் நுழைந்தார். வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அவர் முதுகைத் தட்டி இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார்.

இதற்குள் தாமரைக்குப் பின்னால் ஏதோ விபரீதமாகிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு இருமல் கேட்டது. அடுத்த ஆள் போனபோது இன்னும் கொஞ்சம் பலமான இருமல். அதற்கடுத்தவர் உள்ளே இருக்கும்போது, சிரிப்பை வாயைப் பொத்தி அடக்கினால் மூக்கு வழியாக வருமே, அந்தச் சத்தம் வந்தது. மயில் துணி குலுங்கியது.

"தம்பி! உள்ள சிரிக்கக்கூடாது!" என்று அக்கா அதட்டினார்.

எல்லோரும் முடித்த பிறகு ஸ்ரீவத்ஸ் வெளியே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தை ரொம்பச் சிரமப்பட்டு நேராக வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் நன்றிங்க. போன தடவை கோபுரத்துக்குப் பார்த்த இடம் சரிப்படாது. அங்க வராது. வடகிழக்கே வேற இடம் பார்க்கிறோம்."

ஹாலில் ஒரு பெருமூச்சு கிளம்பியது, ஆனால் யார் விட்டது என்று தெரியவில்லை. கனி பாய்தான் முதலில் எழுந்தார்.

"எந்த இடத்தைத் தம்பி சொல்றீங்க?" என்றார், ஒன்றுமே தெரியாத முகத்தோடு.

"தெற்கே, காலியா இருந்துதே, அந்த இடம்."

"அங்கயா? அங்க ஒண்ணும் கிடையாதே!"

"ஒண்ணும் கிடையாது" என்றார் இன்னொருவர்.

"வெறும் மணலு. ஒரு மீன் வராது" என்றார் அமிர்தராஜ்.

ஆமாம் ஆமாம் என்று ஹால் முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. சுபலட்சுமி மேடம் மைக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சாப்பிடப் போகலாம் என்று கையைக் காட்டினார்.

எல்லோரும் பிரியாணிக்குப் போன பிறகு அக்கா ஸ்ரீவத்ஸிடம் வந்தார். நான் மயில் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"கன்ஃபெஷன் ரகசியம் பெலிண்டா மேடம். யார் பேரும் சொல்ல மாட்டேன்" என்று முந்திக்கொண்டார் ஸ்ரீவத்ஸ்.

"பேரு வேணாம் தம்பி. மேப்பைக் காட்டுங்க. ஒருங்கிணைப்பாளர் பாக்கலாமில்ல?"

பார்க்கலாம். ஆள் அதிகம் காட்டிய கட்டம் அதிகச் சிவப்பாகத் தெரியும்படி லேப்டாப் போட்டிருந்தது. கரையோரம் லேசான ரோஸ். வடக்கேயும் அப்படியே. தெற்கே, போன தடவை துடைத்துவிட்ட மாதிரி இருந்த அந்தக் கட்டம், கறுத்துப்போன ரத்தச் சிவப்பாக இருந்தது. அவ்வளவு சிவப்பு அந்தக் கடலில் வேறு எங்கேயும் இல்லை.

அக்கா திரையில் விரலை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"எத்தனை பேரு?" என்றார் மெதுவாக.

"பேர் சொல்லலை. ஆனா விரல் எல்லாம் ஒரே இடத்துல வந்து நின்னுது மேடம். ஆளுக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க. ஒருத்தர் மாதா பார்ங்கறார், ஒருத்தர் வாப்பா மேடுங்கறார். எல்லாரும் எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டாங்க, எங்க குடும்பத்தைத் தவிர உலகத்துல யாருக்கும் தெரியாதுன்னு." சொல்லும்போதே அவருக்கு மறுபடியும் இருமல் வந்துவிட்டது.

எனக்கும் சிரிப்பு வந்தது. எதிரே வேறு படகு வந்தால் எங்கேயோ போகிறவன் மாதிரிக் கடந்து போகிறவர்கள், இத்தனை வருஷமாக அந்தப் பாறையின் மேல் ஒருவரையொருவர் எங்கேயோ போகிறவர்களாகவே கடந்திருக்கிறார்கள். நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டு, புருஷனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. அது எல்லோர் வீட்டு அடுப்படியிலும் இருந்திருக்கிறது. அவருக்கு வலித்தது, அது முகத்திலேயே தெரிந்தது. நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அக்கா திரையைக் காட்டி, "இந்தப் படத்தை அறிக்கையில போடுவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"போடணும் மேடம். அதானே முடிவு."

"இந்த மாதிரி அழுத்தச் சிவப்பு, லேசுச் சிவப்பெல்லாம் வேணாம். மீன் பிடிக்கிற இடம் ஒரு கலரு, பிடிக்காத இடம் ஒரு கலரு. ரெண்டே கலரு. அது பொய்யா?"

ஸ்ரீவத்ஸ் யோசித்தார். "பொய் இல்ல. கோபுரம் எங்க வைக்கக்கூடாதுன்னு தெரிஞ்சா எங்களுக்குப் போதும்." அங்கேயே விசையைத் தட்டினார். கரையோரமும் வடக்கும் தெற்கும் ஒரே ரோஸ் நிறமாயின. அக்காவின் பார் எங்கே என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வேன் கிளம்பும் நேரத்தில் அமிர்தராஜ் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் வேன் வாடகைக் கையெழுத்துக்காகப் பக்கத்தில்தான் நின்றேன்.

"யக்கா, நெசமாச் சொல்லு. நம்ம இடத்தை வேற எவனாச்சும் காட்டுனானா?"

அக்கா தம்பியை நேராகப் பார்த்தார். குரல் தெளிவாக இருந்தது.

"ஒருத்தனும் காட்டலடா. நீ ஒருத்தன் காட்டினதுக்காகத்தான் கோபுரத்தையே நகத்தினாங்க."

அமிர்தராஜின் மார்பு விரிந்தது. வேனில் ஏறி உட்கார்ந்து, சுற்றியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். பாவம், இவர்களுக்கெல்லாம் ஒன்றுமில்லையே என்கிற பார்வை. தன் ஜன்னலோர இடத்தைக் கனி பாய்க்கு விட்டுக்கொடுத்தார். கனி பாயும் அதே பார்வையோடு அவர் தோளில் கை போட்டு, பையிலிருந்த பன் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். வேனுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் எதையாவது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போன தடவை சீட்டுக்காக அடித்துக்கொண்டவர்கள்.

வேன் திரும்பிப் போனதும் நான் கேட்டுவிட்டேன். "சொந்தத் தம்பிகிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமேக்கா. இவ்வளவு பாடுபட்டு வாங்கின உண்மை."

"சொல்லியிருப்பேன் மணி" என்றார் அக்கா. "தனக்கு மட்டும்னு நெனச்சா, எவனாச்சும் பாத்துருவானோன்னு பயந்து பயந்து ரெண்டு தூண்டிலு போட்டுட்டு, பத்து மீனோட ஓடி வந்துருவான். எல்லாருக்கும் தெரியும்னு தெரிஞ்சா? அடுத்தவன் எடுக்கறதுக்குள்ள நாம எடுத்துரணும்னு அத்தனை பேரும் வலையோட போயி, ஒரு வாரத்துல வழிச்சு எடுத்துருவாங்க. அப்புறம் அங்க கோபுரம் நின்னா என்ன, நிக்காட்டி என்ன?"

முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். தென்னூர் ரோட்டில் புழுதி அதிகம் என்று திட்டினார். பிறகு பாலக்கரைக்கு ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, அதிலிருந்த ஒரே இடத்தில் எனக்கு முந்தி ஏறிப் போனார்.